எல்லைக்கோடும் ஏணியும்

வென்றவரைப் போற்றுவது உலகியல்பு. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால், கோப்பையைக் கையிலேந்தி நிற்பவரின் படமே பாதிப் பக்கத்தை நிறைத்திருக்கும். இரண்டாமவர் பெயர் ஓரிரு வரி பெறும். நூற்று இருபத்தைந்தாம் இடத்தில் வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை. ஆயினும், ஒரு துறை நேர்மையாக நடைபெறுகின்றதா என்று அறிய விரும்புவோர் அத்துறையின் உச்சியை நோக்குவதைக் காட்டிலும் அதன் விளிம்பை நோக்குதலே நன்று என்பது நம் கருத்து. உச்சியில் நிற்பவரைத் தாங்கப் பலர் முன்வருவர். விளிம்பில் நிற்பவரைத் தாங்குவன அத்துறையின் விதிகள் மட்டுமே. அவ்விதிகள் எத்தகையன என்பது அங்கேதான் வெளிப்படும்.

இக்கருத்தை விளக்க நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் துறை கோல்ஃப் ஆட்டம். குழிப்பந்தாட்டம் என்று தமிழில் சொல்லத்தகும் இவ்விளையாட்டு நம்மவருள் பலருக்குப் பழக்கமில்லாதது. செல்வர்தம் பொழுதுபோக்கு என்னும் பெயரும் அதற்கு உண்டு. பரந்த புல்வெளியையும் வெண்ணிறப் பந்தையும் நிதானமாக நடந்து செல்லும் மனிதரையும் தொலைக்காட்சியில் காண்போர், இதில் என்ன நெருக்கடி இருக்க முடியும் என்றே எண்ணுவர். ஆனால், அமெரிக்காவில் நடைபெறும் பி.ஜி.ஏ. டூர் என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரில், ஆண்டு முடியும் தறுவாயில் தம் இடத்தைக் காத்துக்கொள்ளப் போராடும் ஆட்டக்காரர் படும் பாடு, பிழைப்புக்காக உழைக்கும் எவருக்கும் விளங்கக்கூடியதே ஆகும்.

ஊதியம் இல்லாத தொழில்

முதலில் இத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். கால்பந்துக் கழகத்தில் ஆடுபவர்க்கு ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தத்திற்கேற்ற ஊதியம் உண்டு. காயமுற்று அமர்ந்திருந்தாலும் அவ்வூதியம் பெரும்பாலும் வந்து சேரும். பி.ஜி.ஏ. டூரில் ஆடுபவரோ எவருக்கும் பணியாளர் அல்லர். மாதச் சம்பளம் என்பது அவர்க்கு இல்லை. ஆடி ஈட்டினால் உண்டு, ஈட்டாவிட்டால் இல்லை.

ஒரு போட்டி பொதுவாக நான்கு நாள் நடைபெறும். நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள். மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வென்றவர். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் 'கட்' எனப்படும் கழிப்பு நிகழும். முதல் 65 இடங்களில் உள்ளோரும் அவர்க்குச் சமமான எண்ணிக்கை பெற்றோரும் மட்டுமே அடுத்த இரண்டு நாளும் ஆடுவர். 2019ஆம் ஆண்டு வரை இவ்வெண் 70 ஆக இருந்தது. எஞ்சியோர் வெள்ளிக்கிழமை மாலையே மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர்க்குப் பரிசுப் பணம் ஒரு காசும் இல்லை. ஆயினும் வானூர்திக் கட்டணம், விடுதி வாடகை, உணவு, மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளர்க்கு வாரக்கூலி ஆகிய அனைத்தும் அவர் கைப்பொறுப்பே. ஒரு வாரம் முழுதும் உழைத்துவிட்டுக் கடனோடு வீடு திரும்பும் தொழில் இது.

ஆண்டு முழுதும் ஆடி ஈட்டிய புள்ளிகளைக் கூட்டி ஒரு தரவரிசை வகுப்பர். குறிப்பிட்ட எண்ணுக்குள் வந்தவர்க்கு அடுத்த ஆண்டு ஆடும் முழு உரிமை கிட்டும். இதனையே 'டூர் கார்டு' என்பர். அவ்வெண்ணுக்கு வெளியே விழுந்தவர் நிலை இரங்கத்தக்கது. அவர்க்குக் கிட்டுவது அரைகுறை உரிமையே. மேலே உள்ளவர் வாராதொழிந்தால் அவ்விடத்தில் ஆடலாம். அடுத்த வாரம் தாம் ஆடுவோமா, வீட்டில் இருப்போமா என்பதை அவர் முன்கூட்டி அறிய இயலாது. கடைசி நேரத்தில் அழைப்பு வரும் என்று ஊருக்கு ஊர் காத்திருப்போரும் உளர்.

ஒரு கோட்டின் வரலாறு

இவ்வெல்லைக்கோடு இன்று நேற்று வந்ததன்று. 1983ஆம் ஆண்டிற்கு முன்பு, முந்தைய ஆண்டின் பணவரிசையில் முதல் 60 இடம் பெற்றவரே கவலையின்றி ஆட முடிந்தது. ஏனையோருள் பெரும்பாலோர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு தகுதிப் போட்டி ஆடி, எஞ்சிய சில இடங்களுக்காக முட்டி மோதிக்கொள்ள வேண்டியிருந்தது. திங்களன்று தோற்றால் அவ்வார உழைப்பு அன்றே முடிந்தது. அடுத்த ஊருக்கு வண்டியேற வேண்டும். இங்ஙனம் ஊர்விட்டு ஊர் தாவியமையால் இவர்களை 'முயல்கள்' என்று அழைத்தனர்.

இம்முறை மனிதரை வாட்டுகிறது என்று கேரி மெக்கார்டு என்னும் ஆட்டக்காரர் முன்னின்று குரல் கொடுத்தார். அதன் பயனாக 1983 முதல் 125 பேர்க்கு முழு உரிமை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கோடு 60இலிருந்து 125க்கு நகர்ந்தமை சிறிய செய்தியன்று. அன்றாடங்காய்ச்சியாய் அலைந்தோர்க்கு ஓராண்டு அமைதி கிட்டியது. பயிற்சி செய்யவும் உடல்நலம் பேணவும் குடும்பத்தோடு இருக்கவும் ஒழுங்கான ஓர் ஆண்டு அவர்க்கு வாய்த்தது.

உள்ளே நுழைவதற்கு மற்றொரு வாயிலும் இருந்தது. 1965இல் தொடங்கிய தகுதிப் போட்டியை 'கியூ ஸ்கூல்' என்று வழங்கினர். ஸ்கூல் என்னும் பெயரைக் கண்டு ஆசிரியராகிய நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அப்பள்ளியில் ஆசிரியர் இல்லை, பாடம் இல்லை, தேர்வு மட்டுமே உண்டு. நெடுங்காலம் அதன் இறுதிக் கட்டம் ஆறு நாள், 108 குழிகள் என்று அமைந்திருந்தது. ஆறு நாள் ஆட்டத்தில் ஓரடி மிகுந்தால் ஓராண்டு போயிற்று. மேக் ஓ'கிரேடி என்பவர் பதினாறு முறை தோற்றுப் பதினேழாம் முறையாக 1982இல் அவ்வாயிலைக் கடந்தார். பின்னர் 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் இரு போட்டிகளில் வென்றும் காட்டினார்.

அவ்வாயிலில் நிகழ்ந்த அவலங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நடந்த இறுதிக் கட்டத்தின் நான்காம் நாள், ஜோ டேலி என்பவர் நான்கடித் தொலைவிலிருந்து பந்தைக் குழியை நோக்கி மெல்லத் தட்டினார். பந்து குழிக்குள் இறங்கியது. ஆனால், குழியினுள் பதித்திருந்த கிண்ணம் சரியாக அமராமையால் அதன் விளிம்பில் மோதி மீண்டும் வெளியே துள்ளி விழுந்தது. இன்னோர் அடி அடிக்க வேண்டியதாயிற்று. ஆறாம் நாள் கணக்குப் பார்த்தபோது அவர் உரிமையை இழந்தது அந்த ஓரடியால்தான். திறமைக் குறைவா அது? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், மூத்தோர்க்கான சீனியர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் பட்டத்தை அதே டேலி வென்றார். ஓரடி ஒருவரைத் தள்ளலாம். அவர்தம் திறனை அளந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கையைப் பிடிக்கும் அச்சம்

இழப்பச்சம் மனிதர் கையை எவ்வாறு இயக்குகிறது என்பதை ஆராய்ந்தோர் உளர். டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்ஸர் என்னும் இரு பேராசிரியர்கள் பி.ஜி.ஏ. டூரில் ஆடப்பட்ட 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட குழியடிகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஓர் அளவு உண்டு. அதனைப் 'பார்' என்பர். அவ்வளவினும் ஓரடி குறைவாக முடிப்பது ஆதாயம், மிகுவது இழப்பு. ஒரே தொலைவிலிருந்து அடித்தாலும், ஆதாயம் தேடி அடிக்கும்போது குழியில் விழும் அடிகள், இழப்பைத் தவிர்க்க அடிக்கும்போது விழுவனவற்றைக் காட்டிலும் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு குறைவு என்று அவர்கள் கண்டனர். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். பெறுவதற்காக முயல்வதைக் காட்டிலும் இழக்காதிருப்பதற்காகவே மனிதர் மிகுதியும் முனைகின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

ஓர் அடியில் இத்துணை ஆற்றல் காட்டும் அச்சம், ஓராண்டுப் பிழைப்பே ஆட்டங்காணும்போது என்ன செய்யும்? வெல்ல வேண்டும் என்று ஆடியவர் விழாதிருக்க வேண்டும் என்று ஆடத் தொடங்குவர். குழியை நோக்க வேண்டிய கண் தரவரிசைப் பலகையை நோக்கும். களைப்பிருந்தும் ஓய்வெடுக்க அஞ்சி வாரந்தோறும் ஆடுவர். காயத்தை மறைத்தும் ஆடுவர்.

2024இல் ஜோயல் டாமன் என்னும் ஆட்டக்காரர்க்கு நேர்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இளமையிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பின்னர்த் தாமும் அந்நோய்க்கு ஆளாகி மீண்டவர். அவ்வாண்டு அக்டோபரில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த போட்டியில், விதி இசையும் 14 மட்டைகளுக்கு மேல் பதினைந்தாவதாக ஒன்று அவருடைய பையில் தங்கிவிட்டது. அதனை அவர் கண்டறிந்தபோது நான்கு அடிகள் தண்டமாகச் சேர்ந்துவிட்டன. ஆண்டின் இறுதிப் போட்டியான ஆர்.எஸ்.எம். கிளாசிக், ஜார்ஜியா மாநிலத்தில் நவம்பரில் நடைபெற்றபோது அவர் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, ஐந்தடிக்குச் சற்று மிகுந்த தொலைவிலிருந்து கடைசிக் குழியில் பந்தை வீழ்த்திக் கழிப்பிலிருந்து தப்பினார். ஞாயிற்றுக்கிழமை 64 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். ஆண்டு முடிவில் அவர் பெற்ற இடம் 124. கோப்பை அவர்க்கு இல்லை. ஆயினும் அவர் அடைந்த மகிழ்ச்சி கோப்பை வென்றவர் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று. அதே நேரத்தில், கோட்டுக்கு ஓரிரு இடம் கீழே நின்று தலைகுனிந்து சென்றோரையும் நாம் மறத்தற்கில்லை.

விளிம்பில் விளைந்த வாய்மை

நெருக்கடி மனிதரைக் கோணல்வழியில் செலுத்தும் என்பர். கோல்ஃப் ஆட்டத்தில் அவ்வாறு கோணுவதற்கு வாய்ப்பு மிகுதி. பரந்த வெளியில் ஆடுபவர் ஒவ்வொருவர் பின்னும் நடுவர் நடந்துகொண்டிருப்பதில்லை. பந்து அசைந்ததா, விதி மீறப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் ஆடுபவரே அறிவார். அவரே அறிவிக்க வேண்டும் என்பது மரபு. பிழைப்பே ஊசலாடும் நேரத்தில் அம்மரபு நிற்குமா?

நின்றது என்பதற்கு ஜே.பி. ஹேய்ஸ் சான்று. 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் டூரில் இருமுறை வென்றவர் அவர். 2008இல் முழு உரிமையை இழந்து, கியூ ஸ்கூலின் இரண்டாம் கட்டத்தில் ஆட வேண்டியவரானார். அங்கே ஒரு குழியில் உதவியாளர் எடுத்துத் தந்த பந்து தாம் ஆடிவந்த வகையன்று என்று கண்டு, அப்போதே நடுவரை அழைத்து இரண்டடித் தண்டத்தை ஏற்றுக்கொண்டார். கதை அவ்வளவில் முடிந்திருக்கலாம். ஆனால், பின்னர் விடுதி அறையில் தனித்திருந்தபோது, அப்பந்து சோதனைக்காகத் தரப்பட்டதாய், ஏற்பளிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறாததாய் இருக்கலாம் என்று அவர்க்குத் தோன்றியது. அதனைக் கண்டவர் வேறு எவரும் இல்லை. வாய் திறவாதிருந்தால் எவரும் அறியப்போவதும் இல்லை. அவரோ தொலைபேசியை எடுத்து உரியவரிடம் செய்தியைச் சொன்னார். போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டின் முழு உரிமையைப் பெறும் வாய்ப்பு அத்துடன் போயிற்று.

உச்சியில் இருப்பவர் நேர்மையாய் இருப்பது நன்று. ஆனால் அது அவர்க்கு எளிது. ஓரடித் தண்டத்தால் அவருடைய உலைக்கு அரிசி குறையப் போவதில்லை. விளிம்பில் நிற்பவர் வாய்மை காப்பதற்கு முழு விலை கொடுக்கிறார். இவ்விளையாட்டு தன் பெருமையென்று மார்தட்டிக்கொள்ளும் நேர்மைக்கு மெய்யான காவலர் இவரே. எனவே, விளிம்பினரை எவ்வாறு நடத்துகிறோம் என்பது இரக்கம் பற்றிய வினா மட்டுமன்று. அவ்விளையாட்டின் மானம் பற்றிய வினாவும் ஆகும்.

ஏணியில் ஏறி வந்தோர்

விளிம்பினர்க்கு வாயில் திறந்திருந்தமையால் விளைந்த நன்மை யாது என்று கேட்பின், பட்டியல் நீளும். மூவரை மட்டும் சுட்டுவோம்.

டாம் லேமன் 1983 முதல் 1985 வரை டூரில் ஆடி உரிமை இழந்தவர். பின்னர் ஆசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிறு போட்டிகளில் அலைந்தார். பல்கலைக்கழகமொன்றில் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விடலாமா என்றும் எண்ணினார். 1990இல் டூரின் கீழ்நிலைத் தொடராகப் பென் ஹோகன் டூர் தொடங்கப்பெற்றது. அவ்வேணியைப் பற்றிக்கொண்ட லேமன் 1991இல் அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். 1996இல் பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்றார். 1997 ஏப்ரலில் ஒரு வாரம் உலகின் முதலிடத்திலும் அமர்ந்தார். ஏணி இல்லையேல், உலகின் முதல்வர் ஒருவர் கல்லூரி மைதானத்தோடு நின்றிருப்பார்.

அடுத்தவர் நம் நாட்டவர். மேற்கு வங்கத்து அசன்சோலில் பிறந்த அர்ஜுன் அத்வால், தோள் காயத்தால் ஆட்டம் தடைப்பட்டு, 2010 சூலையில் டூர் உரிமையை இழந்தார். அடுத்த மாதம் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப் போட்டிக்கு அவர் உள்ளே வந்தது திங்கட்கிழமைத் தகுதிப் போட்டியின் வழியாகவே. முதல் நாள் 61 அடிகள். நான்கு நாள் முடிவில் ஓரடி வேறுபாட்டில் வெற்றி. பி.ஜி.ஏ. டூரில் வென்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அவர்க்கு உரித்தாயிற்று. திங்கட்கிழமை வாயிலில் நுழைந்த ஒருவர் வெல்வது 1986க்குப் பின் அதுவே முதன்முறை. ஞாயிறன்று கோப்பை ஏந்திய கை, முந்தைய திங்களன்று கதவைத் தட்டிக்கொண்டிருந்த கைதான்.

மூன்றாமவர் கனடா நாட்டுக் கோரி கானர்ஸ். அரைகுறை உரிமையோடு இருந்த அவர், 2019 ஏப்ரலில் டெக்சாஸ் ஓபன் போட்டிக்குத் திங்கட்கிழமைத் தகுதிப் போட்டியில் வென்று நுழைந்து, அப்போட்டியையே வென்றார். அடுத்த வாரம் நடந்த புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியிலும் இடம்பெற்றார்.

குறுகும் வாயில்

இத்தகைய வாயில்கள் அண்மைக் காலத்தில் குறுகி வருவதே நம் கவலை. 2012உடன் கியூ ஸ்கூலிலிருந்து டூருக்கு நேரே செல்லும் வழி அடைக்கப்பட்டது; கீழ்நிலைத் தொடருக்கு மட்டுமே வழி எஞ்சியது. 2023இல் அவ்வழி மீண்டும் திறந்தபோதும் ஐந்து இடங்களே தரப்பட்டன. முன்பு 25 இடங்களும் சமநிலை பெற்றோர்க்குரிய இடங்களும் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2024 நவம்பரில் டூரின் ஆட்சிக்குழு மேலும் ஒரு முடிவெடுத்தது. முழு உரிமை பெறுவோர் எண்ணிக்கை 125இலிருந்து 100 ஆயிற்று. 2025ஆம் ஆண்டின் இறுதித் தரவரிசையே இப்புதுக்கோட்டின் முதல் தேர்வாக அமைந்தது. 2026 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கீழ்நிலைத் தொடரிலிருந்து உயர்வு பெறுவோர் 30இலிருந்து 20 ஆயினர். போட்டிக்களத்தின் அளவு 156இலிருந்து 144 என்றும் சில போட்டிகளில் அதனினும் குறைவாகவும் சுருங்கியது. சுருங்கிய களங்களில் திங்கட்கிழமைத் தகுதியிடங்களும் சுருங்கின. கோடு மேலே ஏறிற்று. அதே முடிவில் ஏணியின் படிகளும் பிடுங்கப்பட்டன.

மறுபுறம் உச்சியில் நடந்தது என்ன? 2024இல் 'சிக்னேச்சர்' என்னும் எட்டுச் சிறப்புப் போட்டிகள் நடைபெற்றன. ஒவ்வொன்றிலும் பரிசுத்தொகை 2 கோடி டாலர். களத்தில் எண்பது பேர் அளவிலேயே இடம். எட்டில் ஐந்து போட்டிகளில் கழிப்பே இல்லை; உள்ளே நுழைந்தவர் எவ்வாறு ஆடினும் பணமும் புள்ளியும் உறுதி. வெற்றியாளர்க்கு ஏனைய போட்டிகளில் 500 புள்ளி என்றால் இவற்றில் 700 புள்ளி. முந்தைய ஆண்டின் முதல் 50 பேர் இவற்றிற்கு இயல்பாகவே அழைக்கப்பெறுவர். மேலிருப்பவர்க்குக் கழிப்பு நீங்குகிறது; கீழிருப்பவர்க்கு எல்லைக்கோடு இறுகுகிறது. வலியார்க்குக் குடையும் மெலியார்க்கு வெயிலும் என்னும் இவ்வேற்பாட்டை நடுவுநிலை என்று சொல்ல நம் நா எழவில்லை.

மறுதரப்பும் நம் மறுமொழியும்

மறுதரப்பாரின் கூற்றையும் செவிமடுத்தலே முறை. களம் பெரிதாயின் பொழுது சாய்வதற்குள் ஒரு நாள் ஆட்டம் முடிவதில்லை. எஞ்சிய ஆட்டம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகிறது. இது மெய்யே. முன்பு உரிமைச்சீட்டு பெற்ற புதியவர் பலர்க்கு ஆடுவதற்குப் போதிய போட்டிகள் கிட்டாமல் சீட்டு வெறுந்தாளாகவே இருந்தது. எண்ணிக்கையைக் குறைத்தால் சீட்டு பெற்றவர் மெய்யாகவே ஆடலாம் என்பர். இதிலும் நியாயம் உண்டு. சிறப்புப் போட்டிகளில் அவ்வாண்டு நன்கு ஆடும் பதினைந்து பேர்க்கு இடம் ஒதுக்கியிருப்பதையும் எடுத்துக்காட்டுவர். முழு உரிமையாளர் 15 போட்டிகளில் ஆடினால் ஆண்டுக்கு 5 இலட்சம் டாலர் வருவாய்க்கு உறுதி தரும் திட்டத்தையும், உரிமை குறைந்தோர் கழிப்பில் வீழ்ந்தால் பயணச் செலவுக்கு 5,000 டாலர் தரும் ஏற்பாட்டையும் 2022இல் அறிவித்தமையும் பாராட்டத்தக்கவையே. மேலும், எல்லார்க்கும் இடம் என்றால் போட்டி என்பதற்கே பொருளில்லை. எங்கேனும் ஒரு கோடு வேண்டும் என்பர்.

கோடு வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. 125 என்பது தெய்வம் எழுதிய எண் அன்று. 100 என்பதும் பாவம் அன்று. நாம் கேட்பது வேறு. கோட்டை உயர்த்துவோர் ஏணியையும் உயர்த்த வேண்டாமா? மேலே இடம் குறைகிறது என்றால், கீழிருந்து வருவோர்க்குரிய பங்கும் குறையத்தான் வேண்டுமா? நூற்று இருபத்தைந்தில் ஒருபங்கு நீக்கமாக இருபத்தைந்து பேர் குறைக்கப்பட்டனர். அஃது ஐந்தில் ஒரு பங்கு. கீழ்நிலைத் தொடரின் உயர்விடங்களோ முப்பதில் பத்து குறைக்கப்பட்டன. அது மூன்றில் ஒரு பங்கு. உள்ளே இருப்போர் இழந்ததைக் காட்டிலும் வெளியே நிற்போர் இழந்தது மிகுதி என்பது எளிய கணக்கிலேயே புலப்படுகிறது. பொழுது போதவில்லை என்பதே காரணமாயின், ஆட்டத்தை விரைவுபடுத்தும் விதிகளை இறுக்குதல் வேண்டும். அத்வாலும் கானர்ஸும் நுழைந்த வாயிலை அடைத்தல் தீர்வாகாது. கழிப்பு நன்று என்றால், அது சிறப்புப் போட்டிகளுக்கும் நன்றே. ஒரே நெறி எல்லார்க்கும் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

தொலைவில் உள்ள நாட்டின் விளையாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று வினவுவோர் இருக்கக்கூடும். கோடுகள் இல்லாத இடம் உலகில் இல்லை. மதிப்பெண்ணால் ஒரு கோடு, நேர்காணலால் ஒரு கோடு, வயது வரம்பால் ஒரு கோடு என்று நம் மாணவச் செல்வங்களின் வாழ்க்கை நெடுகிலும் கோடுகள் கிழிக்கப்பட்டே உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஓரெண்ணால் பின்தங்கியவர், தம் மதிப்பையே அவ்வெண்ணால் அளந்துகொண்டு சோர்ந்துவிடுகின்றனர். அவர்க்கு நாம் சொல்வது இது. அவ்வெண் உங்கள் அன்றைய ஆட்டத்தின் அளவு; உங்கள் அளவன்று. குழியில் இறங்கிய பந்து வெளியே துள்ளியதால் ஜோ டேலியின் திறமை குறைந்துவிடவில்லை. பதினாறு தோல்விகள் பதினேழாம் முயற்சியைத் தடுக்கவில்லை. அதே வேளையில், எவரும் காணாத அறையில் தொலைபேசியை எடுத்த ஹேய்ஸையும் மறவாதீர்கள். கோட்டைக் கடப்பதற்காக வாய்மையைக் கைவிட்டவர் கோட்டைக் கடந்தும் தோற்றவரே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். வகுப்பின் முதல் மாணவர்க்கு நம் துணை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேர்ச்சிக் கோட்டின் மேலும் கீழுமாக ஊசலாடும் மாணவரே நம் உழைப்புக்கு உரியவர். அவர் அச்சத்தால் பிழை செய்கிறாரா, அறியாமையால் செய்கிறாரா என்று பிரித்தறிதல் நம் கடமை. அச்சத்தால் நடுங்கும் கைக்கு மேலும் ஓர் அதட்டல் மருந்தாகாது.

கல்விக்கு வாரி வழங்கும் சமுதாயப் பெரியோர்க்கும் பணிவன்போடு ஒரு வேண்டுகோள். முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பொற்பதக்கம் சூட்டுவது சிறப்பே. அதனைக் குறைக்க வேண்டா. அதனோடு, ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பிழந்து, கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை விட்டுப்போகும் நிலையில் இருப்பவரையும் தேடிக் கண்டு கைகொடுங்கள். பதக்கம் ஒருவரின் வெற்றியை அறிவிக்கும். கைகொடுத்தலோ ஒரு குடும்பத்தின் வரலாற்றையே மாற்றும்.

திறமைக்கு இடம் என்பது நல்ல கொள்கை. ஆனால், திறமை எந்நாளில் எவரிடத்து மலரும் என்பதை முன்னரே அறிந்தவர் எவரும் இலர். லேமன் முப்பது வயதைக் கடந்த பின்னரே மலர்ந்தார். அத்வால் உரிமை இழந்த அடுத்த மாதம் மலர்ந்தார். இதனை அறிந்தவர் கோட்டைக் கிழிக்கும்போதே ஏணியையும் சார்த்தி வைப்பர். கோடு போட்டியைக் காக்கும். ஏணி மனிதரைக் காக்கும். இரண்டும் உள்ள இடத்தில்தான் தோற்றவரும் அத்தோல்வியை நேர்மையானதென்று ஏற்று, மறுநாட் காலை மீண்டும் மட்டையைக் கையில் எடுப்பார்.